பழைய அமெரிக்க வானொலியின் நிருபர் நாடகங்கள்: எங்கே தொடங்கி, எப்படிக் கேட்பது?

முதன்முதலாக இந்த நாடகங்களைக் கேட்க உட்கார்ந்த இரவில் ஒரே ஒரு சொல் என் காலை வாரிவிட்டது. கதையில் வரும் நிருபர் அவசரமாக அலுவலகத்துக்குப் போன் போட்டு, மோர்க்கில் ஒரு ஆளைத் தேடச் சொன்னார். மோர்க் என்றால் எனக்குத் தெரிந்து பிணவறை. சரி, ஆள் செத்துவிட்டார் என்று நானே முடிவுகட்டிவிட்டு, செத்தவர் எப்படி அடுத்த காட்சியில் வந்து சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்கிறார் என்று இருபது நிமிடம் குழம்பிக்கொண்டிருந்தேன். அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் வாயில் மோர்க் என்றால் பழைய செய்திகளைக் கத்தரித்து உறை உறையாக அடுக்கி வைத்திருக்கும் அறை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஆளைப் பற்றி முன்பு ஏதாவது அச்சாகியிருக்கிறதா பார் என்றிருக்கிறார், அவ்வளவுதான்.

1930-களின் நடுவிலிருந்து 1950-களின் நடுப்பகுதி வரை, ஏறக்குறைய இருபது வருடம், அமெரிக்க வானொலியில் இந்த நிருபர்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். கொலையாளியைத் தேடினார்கள், ரவுடிக் கும்பலைப் பகைத்துக்கொண்டார்கள், விடிவதற்குள் செய்தியை அச்சுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கொட்டிக் கிடக்கின்றன. கொட்டிக் கிடப்பதுதான் சிக்கலும். எதை முதலில் எடுப்பது, கோப்பின் பெயரை எப்படிப் படிப்பது, இரைச்சலும் பழைய கொச்சை ஆங்கிலமும் கலந்து வந்தால் காதை எப்படிப் பழக்குவது என்று நான் தட்டுத்தடுமாறிக் கற்றதைக் கேட்கவேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: கதை சொல்வது யார் என்று பாருங்கள்

வானொலி நாடகத்தால் எதையும் காட்ட முடியாது. கதவைத் திறந்தவர் கண்ணில் என்ன பட்டது என்பதை யாராவது வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. ‘ஐயோ, உன் கையில் கத்தி!’ என்று பாத்திரமே கத்தினால் சிரிப்பு வரும். நம்மூர் வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். நிருபரைக் கதாநாயகனாகப் போட்டால் தொல்லை பாதி தீர்ந்துவிடுகிறது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதுதானே அவர் பிழைப்பு? அவர் நேராக நம்மிடம் பேசலாம், ஈரமான தெருவை இரண்டு வாக்கியத்தில் வரைந்துவிட்டுச் சட்டென்று காட்சிக்குள் நுழையலாம். யாருக்கும் செயற்கையாகப் படாது.

இன்னொரு வசதி, அவர் எங்கும் போகலாம். சிறை, ஆஸ்பத்திரி, மேயர் வீட்டு விருந்து, கடைசிப் பேருந்து போய்விட்ட நிறுத்தம் எல்லாம் அவருக்கு வேலையிடம்தான். போலீஸ்காரர் போனால் வாயை மூடிக்கொள்பவன்கூட நிருபரிடம் கொஞ்சம் உளறுவான். ஆனால் நிருபரால் யாரையும் கைது செய்ய முடியாது, பெரும்பாலான தொடர்களில் துப்பாக்கியும் கிடையாது. ஆகவே மாட்டிக்கொண்டால் பேசித்தான் தப்ப வேண்டும். வானொலிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அமெரிக்க நாளிதழ்கள் வானொலியைத் தங்கள் வாயில் மண்போட வந்ததாகவே பார்த்தன. 1933 டிசம்பரில் நியூயார்க் பில்ட்மோர் ஹோட்டலில் உட்கார்ந்து பேசி, வானொலி நிலையங்கள் ஒரு நாளைக்கு ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டே செய்தியறிக்கைதான் படிக்கலாம், அதுவும் காலைப் பத்திரிகையும் மாலைப் பத்திரிகையும் விற்றுத் தீர்ந்த நேரத்துக்குப் பிறகுதான், ஒவ்வொரு செய்தியும் 30 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று கையைக் கட்டிப் போட்டார்கள். அந்த ஏற்பாடு சில வருடத்தில் நைந்துபோனது. நைந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் வானொலி, தன்னை ஒழிக்கப் பார்த்த தொழிலின் ஆட்களையே கதாநாயகர்களாக்கிக் கொண்டாடத் தொடங்கியது. நிருபர் என்றால் தொப்பி, கிண்டல் பேச்சு, போனும் கையுமான ஓட்டம் என்ற உருவம், சிகாகோ பத்திரிகைக்காரர்கள் இருவர் எழுதி 1928-ல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் ஏறிய ‘தி ஃபிரண்ட் பேஜ்’ நாடகத்திலேயே நிலைபெற்றிருந்தது. வானொலி அதற்குக் குரலைக் கொடுத்தது.

ஆக, எந்தத் தொடரை எடுத்தாலும் முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார்? நல்ல தொடரையும் சுமாரான தொடரையும் பிரிக்க எனக்குக் கிடைத்த சல்லடை இதுதான்.

இரண்டாம் படி: ‘நைட் பீட்’டிலிருந்து தொடங்குங்கள்

பட்டியல்கள் காலவரிசைப்படி போகச் சொல்லும். போகாதீர்கள். நான் 1937-ல் தொடங்கிப் பாதியில் விட்டவன். நேராக 1950-க்கு வாருங்கள். என்பிசி வலையமைப்பில் அந்த வருடம் பிப்ரவரி 6 அன்று தொடங்கி 1952 செப்டம்பர் வரை வந்த அரைமணி நேரத் தொடர் ‘நைட் பீட்’. ‘சிகாகோ ஸ்டார்’ என்ற கற்பனை நாளிதழில் இரவுப் பணி பார்க்கும் ராண்டி ஸ்டோனாக ஃபிராங்க் லவ்ஜாய் நடித்தார். பீட் என்றால் நிருபருக்கு ஒதுக்கிய களம். ஒருவருக்கு நீதிமன்றம், ஒருவருக்கு நகராட்சி. ஸ்டோனுக்கு ஒதுக்கியது இரவு.

ஒரு பகுதி எப்படி நடக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்ப்போம். தொடங்கியதும் ஸ்டோன் தன் பெயரைச் சொல்கிறார், சிகாகோ ஸ்டாருக்காக இரவைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், கதைகள் பலவிதமாகத் தொடங்கும் என்கிறார். இன்றைய கதை எதில் தொடங்கியது என்று அடுத்த வரியில் ஒரு சின்ன விஷயம் வரும். அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். யாரோ ஒருவர் பயத்தில் இருப்பார், அல்லது யாரோ ஒருவர் எதையோ மறைப்பார். சந்திப்பவர்களெல்லாம் இரவில் விழித்திருப்பவர்கள், அதாவது தூங்க முடியாதவர்கள் அல்லது தூங்க இடமில்லாதவர்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் வீதிச் சத்தம் அடங்கி, தட்டச்சுப் பொறியின் ஓசை எழும். நாம் இவ்வளவு நேரம் கேட்டது அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்த செய்திதான் என்பது அப்போது உறைக்கும். தாளை உருவுகிற சத்தம். பிறகு அவர் குரல் கொடுக்கிறார்: ‘காப்பி பாய்!’

தமிழ்க் காதுக்கு இது உடனே வேறுமாதிரி கேட்கும். விடிய விடிய வேலை பார்த்த மனுஷன் ஒரு டம்ளர் காப்பி கேட்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன், நியாயமாகவும் பட்டது. காப்பி என்பது தட்டச்சு செய்த செய்தித் தாள். அதை மேசையிலிருந்து ஆசிரியரிடமும் அச்சுக்கோக்கும் இடத்துக்கும் தூக்கிக்கொண்டு ஓடும் பையன்தான் காப்பி பாய்.

லவ்ஜாயின் குரலைக் கவனியுங்கள். கரகரப்பு உண்டு, ஆனால் முறைப்பு இல்லை. அந்தக் காலத் துப்பறியும் தொடர்களில் எல்லோரும் எல்லோரையும் மட்டம்தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஸ்டோன் எதிராளி பேசி முடிக்கும்வரை விட்டுக் கேட்கிறார். சில பகுதிகளில் குற்றமே கிடையாது. கதை எதிலோ போய் முடிகிறது, செய்தியும் அச்சுக்குப் போகிறது, நமக்கு ஒரு மனிதரைச் சந்தித்த நினைவு மட்டும் தங்குகிறது. முதல் மூன்று பகுதிகளைத் தனித்தனி இரவில் கேளுங்கள். ஒரே மூச்சில் கேட்டால் வாய்ப்பாடு தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: பதிவைத் தேடிப் பிடிப்பது

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தொடரின் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடினாலே போதும். ஒரே தொடருக்குப் பத்துத் தொகுப்பு வரும். ஓல்ட் டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ் என்ற ஆர்வலர் குழு தேதியும் தலைப்பும் சரிபார்த்துப் போட்ட தொகுப்பு இருந்தால் அதையே எடுங்கள். நான் ஆரம்பத்தில் கண்டதையெல்லாம் இறக்கி, ஒரே பகுதியை மூன்று தலைப்பில் மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை பாதி வழியில்தான், இவரை ஏற்கெனவே கொன்றாகிவிட்டதே என்று தோன்றியது.

கோப்புப் பெயரில் 50-02-06 என்றிருந்தால் வருடம், மாதம், தேதி என்று படிக்க வேண்டும், அதாவது 1950 பிப்ரவரி 6. ஆடிஷன் என்றிருந்தால் விளம்பரதாரரிடம் காட்டுவதற்காக எடுத்த மாதிரிப் பதிவு. ஏஎஃப்ஆர்எஸ் என்றிருந்தால், இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து வெளிநாட்டிலுள்ள அமெரிக்கப் படையினருக்கு ஒலிபரப்பிய நிலையத்தின் பதிப்பு. அதில் விளம்பரங்களை வெட்டிவிட்டு இசையால் நிரப்பியிருப்பார்கள். நாடகம் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது சௌகரியம். எனக்கு விளம்பரமும் வேண்டும்.

நாடகம் நடந்து முக்கால் நூற்றாண்டு ஆனபின் நமக்கு எப்படிக் கிடைக்கிறது? 1940-களின் பிற்பகுதிவரை வலையமைப்பு நாடகங்கள் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. கிழக்குக் கடற்கரைக்கும் மேற்குக் கடற்கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் என்பதால் பல நாடகங்களை ஒரே இரவில் இரண்டு தடவை நடித்தார்கள். ஆவணத்துக்காகவும் விளம்பரதாரர் கேட்பதற்காகவும் 16 அங்குல இசைத்தட்டுகளில் பதிந்து வைத்தார்கள். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அரைமணி நாடகத்துக்கு இரண்டு பக்கம் வேண்டும். நல்ல ஹெட்போன் போட்டுக் கேட்டால், ஏறத்தாழ பதினைந்தாம் நிமிடத்தில் பின்னணி இரைச்சலின் நிறம் சட்டென்று மாறுவது சில பதிவுகளில் தெரியும். தட்டு மாறுகிற இடம் அது. போர்க்காலத்தில் அலுமினியம் விமானத்துக்குப் போய்விட்டதால் கண்ணாடி மேல் பூச்சுப் பூசிய தட்டுகளில் பதிந்தார்கள். கீழே விழுந்தால் நாடகமும் போயிற்று. ஏன் சில தொடர்களில் நூற்றுக்கணக்கான பகுதிகள் காணவில்லை என்று இனிக் கேட்கமாட்டீர்கள்.

ஒரே பகுதி இரண்டு கோப்பாகக் கிடைத்தால் அளவில் பெரியதை எடுங்கள். இரைச்சலை நீக்கிய பதிப்பு என்று விளம்பரப்படுத்துவதில் பேச்சும் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். கொஞ்சம் உஸ்ஸென்று இரையட்டும், பரவாயில்லை.

நான்காம் படி: காதைப் பழக்குங்கள்

முதலில் சூழ்நிலை. மின்விசிறிச் சத்தம் இந்தப் பதிவுகளுக்குப் பெரிய எதிரி, ஏனென்றால் பதிவின் இரைச்சலும் அதுவும் ஒரே சுருதி. ஹெட்போன் அவசியம். வேகத்தை 0.9 வைத்துக்கொண்டால் முதல் சில நாள் எளிதாக இருக்கும். போனில் பேச்சை எழுத்தாகக் காட்டும் லைவ் கேப்ஷன் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கொச்சைச் சொற்களில் அது நம்மைவிட அதிகமாகத் தடுமாறும்.

அந்தத் தொழிலின் பேச்சு கொஞ்சம் தெரிந்தால் பாதி ஆங்கிலம் புரிந்துவிடும். சிட்டி எடிட்டர் என்பவர் உள்ளூர்ச் செய்திகளுக்கு மேய்ப்பர், நாடகங்களில் எப்போதும் கத்திக்கொண்டே இருப்பார். லெக்மேன் என்பவர் காலால் வேலை செய்பவர். தெருவில் அலைந்து தகவல் பிடித்துப் போனில் சொல்வதோடு அவர் வேலை சரி. மறுமுனையில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் ரீரைட் மேன்தான் அதைச் செய்தியாக எழுதுவார். இந்த நாடகங்களில் ஏன் இத்தனை தொலைபேசிக் கூண்டு, ஏன் எல்லோரும் 5 சென்ட் நாணயத்துக்குப் பையைத் துழாவுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம். எக்ஸ்ட்ரா என்பது அவசரச் சிறப்புப் பதிப்பு, பையன்கள் தெருவில் கூவி விற்பது. புல்டாக் என்பது அன்றைய பதிப்புகளில் முதலில் வெளிவருவது, நாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செய்தித் தாளின் அடியில் 30 என்று போட்டால் முடிந்தது என்று பொருள். யாராவது முப்பது என்று சோகமாகச் சொன்னால் பெரும்பாலும் ஒரு பத்திரிகைக்காரர் இறந்திருக்கிறார்.

சாப் சிஸ்டர் என்ற சொல்லும் காதில் விழும். கண்ணீர்க் கதை எழுதும் பெண் நிருபர் என்று ஏளனமாகச் சொல்வது. 1907-ல் நியூயார்க்கில் ஹாரி தா என்பவர் மீது நடந்த கொலை வழக்கின்போது, நீதிமன்றத்தில் உட்கார்ந்து எழுதிய பெண்களுக்கு ஆண் நிருபர்கள் ஒட்டிய பட்டம் அது.

அப்புறம் ஒலிகள். போனில் பேசும் குரலை, அடியும் உச்சியும் வெட்டிய தனி மைக்கில் பேச வைத்தார்கள். அதனால் நிருபர் நம் பக்கத்திலும் ஆசிரியர் ஊருக்கு அந்தப் பக்கத்திலும் இருப்பதாகக் காது நம்பும். துப்பாக்கிச் சத்தத்துக்கு மைக் தாங்காது என்பதால் தோல் மெத்தையில் பிரம்பால் ஓங்கி அடிப்பதும் உண்டு. செய்தியறைக்குத் தட்டச்சு, மணி, பேச்சு இரைச்சல் என்று மூன்றே போதும். இந்த மூன்றும் எப்போது குறைகின்றன என்று பாருங்கள். யாரோ முக்கியமான ஒன்றைச் சொல்லப்போகிறார்.

ஐந்தாம் படி: அடுத்து எங்கே போவது

‘நைட் பீட்’ பத்துப் பகுதி கேட்டாயிற்று என்றால் ‘கேசி, கிரைம் ஃபோட்டோகிராஃபர்’. சிபிஎஸ் வலையமைப்பில் 1943 ஜூலையில் தொடங்கி இடைவெளிகளோடு 1955 வரை ஓடியது. இதற்குப் பெயர் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ‘ஃபிளாஷ்கன் கேசி’, ‘கேசி, பிரஸ் ஃபோட்டோகிராஃபர்’, வெறும் ‘கிரைம் ஃபோட்டோகிராஃபர்’ என்றும் தேடிப் பாருங்கள். படமே தெரியாத ஊடகத்தில் ஒரு புகைப்படக்காரரைக் கதாநாயகனாக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ‘மார்னிங் எக்ஸ்பிரஸ்’ நாளிதழின் கேசியும் நிருபர் ஆன் வில்லியம்ஸும் எடுத்த படத்தில் விழுந்திருக்கும் ஏதோ ஒரு துப்பைப் பிடித்துக்கொண்டு போவார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்பதை இருவரும் பேசிப் பேசியே நமக்குக் காட்ட வேண்டும். இங்கே கதைசொல்லி நிருபர் அல்ல, உரையாடல்தான். குற்றக் கதை எனக்குச் சுமாராகவே படுகிறது. நான் போவது ‘ப்ளூ நோட்’ மதுக்கடைக்காக. பின்னால் பியானோ வாசித்துக்கொண்டிருக்க, மதுக்கடைக்காரர் எத்தல்பர்ட்டோடு கேசி வெட்டிப்பேச்சுப் பேசுவார். எத்தல்பர்ட்டாக ஜான் கிப்சன். அந்தக் காட்சிக்காக எந்தக் கொலையையும் சகித்துக்கொள்ளலாம்.

நீண்ட காலம் கேசியாக நடித்த ஸ்டாட்ஸ் காட்ஸ்வொர்த், ‘ஃபிரண்ட் பேஜ் ஃபாரெல்’ என்ற பகல்நேரத் தொடரிலும் டேவிட் ஃபாரெல் என்ற நிருபராகப் பேசினார். அந்தத் தொடர் 1941-ல் தொடங்கியபோது ஃபாரெல் வேடத்தில் இருந்தவர் பிற்பாடு திரைப்பட நடிகராகப் புகழ்பெற்ற ரிச்சர்ட் விட்மார்க். தினம் பதினைந்து நிமிடம், மெதுவாக நகரும். இன்று மிச்சமிருப்பது கொஞ்சமே. ஒன்றிரண்டு கேட்டால் போதும்.

இப்போது ‘பிக் டவுன்’. 1937 அக்டோபரில் தொடங்கியது. ஹாலிவுட்டில் ரவுடி வேடத்தில் பெயர் வாங்கிய எட்வர்ட் ஜி. ராபின்சன், ‘இல்லஸ்ட்ரேட்டட் பிரஸ்’ ஆசிரியர் ஸ்டீவ் வில்சனாக வந்தார். சமூகப் பக்க ஆசிரியர் லோரலை கில்போர்னாக முதலில் கிளேர் டிரெவர். 1940-களில் ராபின்சன் விலகியபின் எட்வர்ட் பாலி அந்த வேடத்தை எடுத்தார், தொடர் 1952 வரை நடந்தது. பத்திரிகையின் அதிகாரம் தீப்பற்றி எரியும் வாள், அதை நியாயமாகப் பயன்படுத்து என்ற முழக்கத்தோடு பிற்காலப் பகுதிகள் தொடங்கும். நான் முதலில் இதில் இறங்கித்தான் சலித்துப்போனேன். ஸ்டீவ் வில்சன் பார்ப்பதைவிட அதிகமாகப் பிரசங்கம் செய்வார். ஆனால் ‘நைட் பீட்’ கேட்டபிறகு திரும்பி வந்தால் ரசிக்க முடிகிறது. ராபின்சன் ஊழலைக் கிழிகிழியென்று கிழித்து முடித்த கையோடு ரின்சோ சலவைத்தூள் விளம்பரம் வரும். நகரமும் வெளுத்தது, துணியும் வெளுத்தது.

‘அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்’ குழந்தைகளுக்கானது என்று தள்ளிவிடாதீர்கள். 1940 பிப்ரவரியில் தொடங்கிய இந்தத் தொடர் அடிப்படையில் ஒரு பத்திரிகை அலுவலகக் கதை. ‘டெய்லி பிளானட்’ ஆசிரியர் பெர்ரி ஒயிட், பையன் ஜிம்மி ஓல்சன் இருவரும் வானொலியில் பேசத் தொடங்கியபிறகுதான் காமிக்ஸில் வேரூன்றினார்கள். காரணம் நம் முதல் படியில் பார்த்ததுதான்: வானத்தில் தனியாகப் பறக்கிறவன் யாரிடம் பேசுவான்? பேச ஒரு ஜிம்மி வேண்டியிருந்தது. பட் காலியர் என்ற நடிகர், சூப்பர்மேன் நிருபராக நடமாடும்போது வைத்துக்கொள்ளும் பெயரான கிளார்க் கென்டாக மெல்லிய குரலில் பேசிக்கொண்டே வந்து, இது சூப்பர்மேனுக்கான வேலை என்ற வாக்கியத்தின் பாதியில் குரலை ஒரேயடியாகக் கீழே இறக்குவார். உடை மாற்றியாயிற்று என்பதற்கு அவ்வளவுதான் அடையாளம்.

அதில் கேட்டே ஆக வேண்டியது 1946 ஜூன் 10 முதல் ஜூலை 1 வரை 16 பகுதிகளாக வந்த ‘கிளான் ஆஃப் தி ஃபியரி கிராஸ்’. சீன வம்சாவளிக் குடும்பம் ஒன்று குடியேறுகிறது, அவர்கள் பையன் பேஸ்பால் அணியில் நன்றாகப் பந்து போடுகிறான், அது பொறுக்காத ஒரு வீட்டிலிருந்து முகமூடிக் கும்பல் கிளம்புகிறது. கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் கேட்டவர் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. காலைச் சாப்பாட்டுத் தானியம் விற்பதற்காக நடந்த சிறுவர் தொடர் இது. அதே காலத்துப் பெரியவர்கள் நாடகங்கள் தொடத் தயங்கிய இடத்துக்கு இது போயிருக்கிறது.

டெட்ராய்ட்டில் 1936 ஜனவரி 31 அன்று தொடங்கிய ‘தி கிரீன் ஹார்னெட்’டும் பத்திரிகைக் கதைதான். ‘டெய்லி சென்டினல்’ முதலாளி பிரிட் ரீட் ராத்திரி முகமூடி போட்டுக்கொள்வார். எஃப்பிஐ ஆட்களாலும் தொடமுடியாத எதிரிகளை வேட்டையாடுகிறார் என்ற அறிமுக வரி எஃப்பிஐ தலைவர் எட்கர் ஹூவருக்குப் பிடிக்காமல், அதை மாற்ற வேண்டியதாயிற்று. கதை முடிந்ததும் பேப்பர் பையன் கூவுவான். அந்தக் கூவல் எனக்குக் கதையைவிட நன்றாக இருக்கும்.

உண்மைச் சம்பவம் வேண்டுமா? ‘தி பிக் ஸ்டோரி’. என்பிசி, 1947 முதல் 1955 வரை. ஒவ்வொரு வாரமும் நிஜமான ஒரு நிருபர் நிஜமாகவே துப்புத் துலக்கிய வழக்கை நடித்துக் காட்டினார்கள். நிருபரின் பெயரும் பத்திரிகையின் பெயரும் அசல். மற்றவர்கள் பெயரை மாற்றிவிடுவார்கள். விளம்பரதாரரான பால் மால் சிகரெட் அந்த நிருபருக்கு 500 டாலர் பரிசு கொடுத்தது.

இப்படியெல்லாம் நிஜத்தில் நடந்ததா என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கு. சிகாகோவில் போலீஸ்காரரைக் கொன்றதாக 1933-ல் தண்டிக்கப்பட்டவர் ஜோ மாய்செக். அவர் தாய் டில்லி தரை துடைத்துச் சம்பாதித்துச் சேமித்து, உண்மைக் கொலையாளியைக் காட்டுபவருக்கு 5,000 டாலர் என்று 1944-ல் ஒரு சின்ன விளம்பரம் போட்டார். ‘சிகாகோ டைம்ஸ்’ அதைக் கவனித்தது, அதன் நிருபர்கள் ஜேம்ஸ் மெக்வைரும் ஜாக் மெக்ஃபாலும் தோண்டினார்கள், 1945-ல் ஜோ வெளியே வந்தார். இதைக் கேட்டபிறகு ‘பிக் ஸ்டோரி’யை நாடகம் என்று ஒதுக்கமுடியாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ‘குரோனிக்ளிங் அமெரிக்கா’ தளத்தில் பழைய நாளிதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நாடகத்தில் வரும் ஊரையும் வருடத்தையும் போட்டுத் தேடி அசல் செய்தியைப் பிடித்துவிட்டால், நாடகக்காரர்கள் எதை மாற்றினார்கள் என்று பார்ப்பதே தனி விளையாட்டு.

நிஜமும் கற்பனையும் இன்னும் கலந்தது ‘வென்டி வாரன் அண்ட் த நியூஸ்’. 1947-லிருந்து 1958 வரை நண்பகலில் வரும். முதலில் டக்ளஸ் எட்வர்ட்ஸ் அன்றைய உண்மைச் செய்தியைப் படிப்பார். அடுத்து வென்டி என்ற கற்பனைப் பாத்திரம் பெண்களுக்கான செய்தி சொல்வார். அது முடிந்ததும் வென்டியின் சொந்த வாழ்க்கைக் கதைக்குள் நாடகம் வழுக்கிக்கொண்டு போகும். எங்கே கோடு என்று தேடிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

ஒலித்தரம்தான் முக்கியம் என்றால் ‘பாக்ஸ் 13’. ஆலன் லாட் நடித்த 52 பகுதிகள், 1948, 49. வேலையை விட்டு நாவல் எழுதவந்த முன்னாள் நிருபர், எங்கும் வருவேன் எதுவும் செய்வேன் என்று தன் பழைய பத்திரிகையிலேயே விளம்பரம் போடுகிறார். தனித்தனி நிலையங்களுக்கு விற்பதற்காகவே தட்டில் பதிந்தது என்பதால் முழுசாக மிஞ்சியிருக்கிறது.

கடைசியாக, நகரத்தைவிட்டு வெளியே போக ஆசையிருந்தால் ‘ஃபிரான்டியர் ஜென்டில்மேன்’. 1958-ல் ஒரே வருடம், 41 பகுதி. 1870-களின் அமெரிக்க மேற்கில் திரியும் ‘லண்டன் டைம்ஸ்’ நிருபர் ஜே.பி. கென்டாலாக ஜான் டெனர். தொலைக்காட்சி வானொலியை ஓரங்கட்டிவிட்டிருந்த நேரத்தில், ஆன்டனி எல்லிஸ் எழுதி இயக்கியது. இங்கிலாந்துக்காரர் தன் ஊர் வாசகர்களுக்கு எழுதுகிற தொனியில் கதை நகரும். அந்நியக் கண் என்பதால் எல்லாவற்றையும் அவர் விளக்கிச் சொல்லியாக வேண்டும். நமக்கும் அது சௌகரியம், நாமும் அந்நியர்தானே. ‘நைட் பீட்’டுக்கு அடுத்து எனக்குப் பிடித்தது இது.

ஆறாம் படி: உறுத்தலை விழுங்க வேண்டாம்

எல்லாமே ரசிக்கும்படி இருக்காது. பெண் நிருபர் துப்பைக் கண்டுபிடிப்பார், பெயர் ஆணுக்குப் போகும். சீனர், ஜப்பானியர், கறுப்பினத்தவர் பேச்சைக் கேலியாக இழுத்துப் பேசும் இடங்கள் உண்டு. சிகரெட் இல்லாத காட்சி அபூர்வம், நாடகச் செலவைக் கொடுத்ததும் பல நேரம் சிகரெட் கம்பெனிதான். நான் அப்படிப்பட்ட பகுதியைப் பாதியில் நிறுத்தியதும் உண்டு, எரிச்சலோடு முடித்ததும் உண்டு.

பதிவை எடுத்து உங்கள் யூடியூபில் போடும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. இலவசமாகக் கிடைப்பது எல்லாம் உரிமை முடிந்தவை என்று நினைக்க வேண்டாம். 2018-ல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, அந்தக் காலத்து ஒலிப்பதிவுகளில் பலவற்றுக்கு நூறு வருடத்துக்கும் மேல் காப்பு உண்டு. வீட்டில் கேட்பதோடு நிற்பது நிம்மதி.

ஏழாம் படி: தொடங்கிய இடத்துக்கே திரும்புங்கள்

ஒரு குறிப்பேட்டில் தேதி, தலைப்பு, ஒரே ஒரு வரி எழுதிவையுங்கள். யார் கொலையாளி என்று எழுதாதீர்கள், இரண்டாம் முறை கேட்கும்போது கெட்டுவிடும். ‘மழை, மாடிப்படி, வயசான குரல்’ என்பது மாதிரி எழுதினால் போதும், நினைவு வந்துவிடும்.

அந்தக் குறிப்பேட்டில் நாற்பது ஐம்பது வரி சேர்ந்த ஒரு நாளில், ‘நைட் பீட்’ தொகுப்பில் 1949 என்று தேதியிட்ட ஆடிஷன் பதிவைத் தேடி எடுங்கள். அதில் லவ்ஜாய் இல்லை. எட்மண்ட் ஓ’பிரையன் பேசுகிறார், நிருபரின் பெயரும் ராண்டி ஸ்டோன் இல்லை, ஹேங்க் மிட்செல். 1950 பிப்ரவரியில் லவ்ஜாய் இரவுப் பணிக்குக் கிளம்பிய அதே வாரத்தில், ஓ’பிரையன் சிபிஎஸ்ஸில் ஜானி டாலர் என்ற காப்பீட்டுத் துப்பறிவாளராகிவிட்டார். அந்தப் பதிவை முதல் பத்து நிமிடம் கேட்டு நிறுத்துங்கள். உடனே ராண்டி ஸ்டோன் பகுதி ஒன்றைப் போட்டு அதே பத்து நிமிடம் கேளுங்கள். எதிராளி பேசும்போது அவர் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.